வாசகர் கேள்வி – பதில்: வீட்டு முற்றத்தில் கியர்பாக்ஸை இறக்குதல்

மலைப்பாதையிலும் தோட்டத்து மண்சாலையிலும் ஓடும் ஜீப் வகை வண்டிகளின் கிளட்ச், கியர்பாக்ஸ் வேலைகள் குறித்து மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

உசிலம்பட்டி வாசகர்: எங்களிடம் பழைய மஹிந்திரா ஜீப் ஒன்று உள்ளது. பாரத்துடன் மேடு ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் கூடுகிறது; வண்டி ஏறுவதில்லை. கிளட்ச் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்குவதற்கு முன் நாங்களே உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

உண்டு, உறுதி செய்துகொண்ட பிறகுதான் இறக்கவும் வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறி கிளட்ச் வழுக்குவதற்கு உரியதே. ஆனால் வழுக்கலுக்குக் காரணம் எப்போதும் கிளட்ச் பிளேட் தேய்ந்ததாகவே இருக்கும் என்பதில்லை. முதலில் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கம்பியாலோ கேபிளாலோ இயங்கும் கிளட்சில், பெடல் இறுக்கம் காட்டத் தொடங்கும் முன் ஏறக்குறைய ஓர் அங்குலம் தளர்வாக இறங்க வேண்டும். அந்தத் தளர்வு இல்லையென்றால், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை ஃபிளைவீலோடு (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிப்பதில்லை என்று பொருள். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு தானாகவே குறைந்துகொண்டு வரும். ஆகவே நெடுநாள் யாரும் கவனிக்காத வண்டியில், அட்ஜஸ்ட் செய்யும் நட்டைத் திருப்பி அந்தத் தளர்வை மீட்டுக் கொடுத்தாலே வழுக்கல் நின்றுவிடுவதும் உண்டு. ஒரு ஸ்பேனரோடு முடிய வேண்டிய வேலைக்காக யாரும் கியர்பாக்ஸை இறக்கிவிடக் கூடாது.

தளர்வு சரியாக இருந்தும் வழுக்கினால், சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு மேல் கியரைப் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். எதிரில் யாரும் நிற்கக் கூடாது. கிளட்ச் நன்றாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் பிடிக்கவில்லை. இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பிளேட்டைக் கருக்கிவிடாதீர்கள். ஒரு முறை போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையோ இடைவெளியோ இருக்கும். அங்கே ஈரம் கசிந்திருந்தால் விரலால் தொட்டு எடுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சின் ஆயில் மைபோலக் கறுத்து நீர்த்திருக்கும். கியர் ஆயில் பிசுபிசுப்பாக, கந்தக வாடையுடன் இருக்கும். முன்னது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலிலிருந்து வருவது. பின்னது கியர்பாக்ஸின் முன்பக்கத்திலிருந்து வருவது. எண்ணெய் குடித்த பிளேட் எவ்வளவு கனமாக இருந்தாலும் வழுக்கத்தான் செய்யும். கசிவை நிறுத்தாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும் என்பதால், எந்த சீல் வாங்க வேண்டும் என்பதை இறக்குவதற்கு முன்பே உங்கள் விரல் சொல்லிவிடும்.

மேலூர் வாசகர்: ரேம்ப், லிஃப்ட் எதுவும் இல்லாமல் வீட்டு முற்றத்திலேயே ஜீப்பின் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்ற முடியுமா? நானும் என் தம்பியும் சிறு சிறு வேலைகள் செய்து பழகியவர்கள். என்னென்ன ஆயத்தம் வேண்டும், எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லுங்கள்.

முடியும். இந்த வேலையில் நுட்பமான பகுதி மிகக் குறைவு. பெரும்பகுதி, கனமான ஒரு பொருளைச் சரியான உயரத்தில் தாங்கிப் பிடித்து, நேராகப் பின்னோக்கி இழுத்து, மீண்டும் நேராக உள்ளே தள்ளுவதுதான். அதனால்தான் தாங்குவதைப் பற்றி முதலில் பேசுகிறேன்.

கியர்பாக்ஸும், அதன் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தால் ஒரு மூட்டை சிமெண்டைவிடக் கூடுதலான எடை. அதை மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் வாங்கி இறக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கை வழுக்கினால் விலா எலும்பு முறியும். சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் தலையில் கனமான பலகையைப் பொருத்தி, கியர்பாக்ஸை அதில் வாரால் கட்டிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால், நடுத் தரை மூடியைக் கழற்றிய பின் இரண்டு கதவு வாசல்களுக்கும் குறுக்கே மரக்கட்டைகளின் மேல் தடித்த இரும்புக் குழாயைக் கிடத்தி, அதிலிருந்து செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு மேலிருந்து தாங்கலாம். திறந்த வகை ஜீப்புகளுக்கு இது மிகவும் ஏற்ற முறை. கியர்பாக்ஸ் முன்பின்னாகச் சாய்வதைச் சங்கிலியாலேயே சரிசெய்யலாம் என்பதால், திரும்பப் பொருத்தும்போது ஜாக்கியைவிட இதுவே கைகொடுக்கும்.

வண்டியை உயர்த்த வேண்டியிருந்தால், சேஸிஸுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டுகளை வைத்து அவற்றின் மேல் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும்; கருங்கல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துச் செம்மண் நன்றாக இறுகியிருந்தால் பரவாயில்லை. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் ஸ்டாண்டின் கால்கள் மெல்ல மெல்லப் புதையும். சிமெண்ட் தளம் இல்லாத இடத்தில் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே இரும்புத் தகடோ தடித்த பலகையோ கட்டாயம் வேண்டும்.

அடுத்து, பலர் அறியாத ஒரு செய்தி. பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் பிராப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு டிரம்மில் இருக்கிறது. அந்த ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியே ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தியதும் பயனற்றுப் போகும். அதுவரை அசையாமல் நின்ற வண்டி, அடியில் ஆள் படுத்திருக்கும்போது உருளத் தொடங்குவது இப்படித்தான். எனவே முதல் போல்ட்டைத் தொடுமுன் நான்கு சக்கரங்களுக்கும் இருபுறமும் கட்டை வையுங்கள்.

இனி வரிசை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரை அவிழ்க்க வேண்டியிருக்கும், அதற்கு வரும் கம்பியில் எந்நேரமும் மின்சாரம் உண்டு. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் தனித்தனி வடிகால் போல்ட் இருக்கிறது. இரண்டையும் திறந்து ஆயிலை வடியுங்கள். உள்ளிருந்து கால்மிதியை எடுத்து, நடுத் தரை மூடியையும் கியர் லீவர்களையும் கழற்றி, திறந்த ஓட்டையில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். கியர்பாக்ஸுக்குள் ஒரு வாஷர் விழுந்தால் ஒரு நாள் வேலை மூன்று நாளாகிவிடும். பிராப்பெல்லர் ஷாஃப்ட்டுகளைக் கழற்றுமுன் அவை போல்ட்டால் இணையும் ஃபிளாஞ்சின் இரு பக்கத்திலும் உளியால் ஒரே கோடாகக் குறியிட்டுக்கொண்டு, அதே நிலையில் திரும்பப் பொருத்துங்கள். மாற்றிப் போட்டால் வேகத்தில் அதிர்வு வரலாம். யு-ஜாயின்ட் கிராஸின் மூடிகள் தளர்ந்து விழாதபடி டேப் சுற்றி வையுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் விளக்கின் வயர், கிளட்ச் கம்பி, ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்டார்ட்டர் ஆகியவற்றை அடுத்தடுத்துக் கழற்றுங்கள். கழற்றும் ஒவ்வொரு இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, போல்ட்டுகளை அந்தந்த இடத்தின் பெயர் எழுதிய டப்பாக்களில் போட்டு வைத்தால், திரும்பப் பொருத்தும் நாளில் குழப்பமே வராது.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். எஞ்சின் முன்னால் இரண்டு ரப்பர் மவுண்ட்டுகளின் மேலும், பின்னால் கியர்பாக்ஸின் அடியிலுள்ள குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரின் மேலும் உட்கார்ந்திருக்கிறது. கிராஸ் மெம்பரைக் கழற்றினால் எஞ்சினின் பின்பக்கம் தாழும். முன்பக்கம் உயர்ந்து ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கலாம், ஹோஸ் பைப்புகள் இழுபடலாம். ஆகவே எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் பின் ஓரத்தில் அகலமான மரக்கட்டை கொடுத்து ஒரு தனி ஜாக்கியால் தாங்கிய பிறகே கிராஸ் மெம்பரைத் தொட வேண்டும். கட்டை இல்லாமல் ஜாக்கியை நேரடியாக வைத்தால் சம்ப் தகடு நசுங்கும். எஞ்சினைச் சற்றே தாழ்த்தினால் பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் எட்டும். தேவைக்கு மேல் தாழ்த்த வேண்டாம்.

மேல் போல்ட்டுகள் இரண்டைக் கழற்றியதும், அதே மரையும் போதிய நீளமும் உள்ள இரண்டு போல்ட்டுகளைத் தலை வெட்டி அந்தத் துளைகளில் கையால் திருகி வையுங்கள். மற்றப் போல்ட்டுகள் போன பிறகு கியர்பாக்ஸ் இந்த இரண்டு கம்பிகளின் மேல் தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் பின்னோக்கி வரும். இது இல்லாமல் இழுத்தால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பிளேட்டின் நடுவில் சிக்கி, மொத்த எடையும் பிளேட்டின் மேல் தொங்கும். பழைய பிளேட்டைத் தூக்கி எறியப் போகிறோம் என்பதால் அது வளைந்தால் நட்டமில்லை. ஆனால் திரும்பப் பொருத்தும்போது இதே தவறு புதுப் பிளேட்டைக் கெடுக்கும். இன்புட் ஷாஃப்ட் முழுதாக வெளியே வந்த பிறகே கீழே இறக்க வேண்டும். கோணிச் சாக்கு விரித்த பலகையின் மேல் இறக்கிப் பக்கவாட்டில் இழுத்துவிடலாம்.

பெல் ஹவுசிங்குக்குள் கறுப்புத் தூசு நிறைந்திருக்கும். அதைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. பழைய பிளேட்டுகளின் மேற்பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்குப் பெருங்கேடு. முகக்கவசம் அணிந்து ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இந்த வேலை நடக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பேரையூர் வாசகர்: பழைய வில்லிஸ் வகை ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸை முதலில் தனியே கழற்றிவிட்டால் எடை குறையுமே, அப்படிச் செய்யலாமா?

கிளட்சுக்காக மட்டும் இறக்குகிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே இறக்குங்கள். அந்த வகை ஜீப்புகளில், கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் நீண்டு, அதன் முனையில் ஒரு கியர் பல்லுடன் பூட்டப்பட்டிருக்கிறது. பின்பக்க மூடியைத் திறந்து, காட்டர் பின்னை எடுத்து, பெரிய நட்டைக் கழற்றினால்தான் அந்தக் கியரை விடுவிக்க முடியும். அதற்குப் பிறகும் சிக்கல் தீராது. டிரான்ஸ்ஃபர் கேஸை இழுக்கும்போது மெயின் ஷாஃப்ட்டும் கூடவே பின்னால் வந்துவிட்டால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையங்களும் உருளைகளும் இடம் மாறிவிடும். பிறகு கியர்பாக்ஸையே திறந்தாக வேண்டும். ஷாஃப்ட்டை நகராமல் பிடித்துக்கொள்ள ஒரு தகடு பொருத்திவிட்டுத்தான் பிரிக்க வேண்டும் என்பது முறை. டிரான்ஸ்ஃபர் கேஸிலேயே வேலை இருந்தாலன்றிப் பிரிக்க வேண்டியதில்லை.

நத்தம் வாசகர்: மாருதி ஜிப்ஸியிலும் இரண்டையும் இறக்க வேண்டுமா?

வேண்டாம். ஜிப்ஸியின் அமைப்பே வேறு. அதில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், சேஸிஸின் நடுவில் ரப்பர் மவுண்ட்டுகளில் தனியே தொங்குகிறது. இரண்டையும் ஒரு குட்டை பிராப்பெல்லர் ஷாஃப்ட் இணைக்கிறது. அந்தக் குட்டை ஷாஃப்ட்டை எடுத்துவிட்டால் கியர்பாக்ஸ் மட்டும் பின்னால் வர இடம் கிடைத்துவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கியர் லீவரின் அடியிலுள்ள மூடியைக் கீழே அழுத்திக்கொண்டு இடப்புறமாகத் திருப்பினால் லீவர் கையோடு வந்துவிடும். கியர்பாக்ஸும் இலகுவானது என்பதால், வீட்டில் முதன்முதலாக இந்த வேலையைத் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைக்கும் வண்டி இதுதான். கிளட்ச் கேபிளையும் அப்போதே பாருங்கள். உறைக்குள் இழைகள் பிரிந்திருந்தால் புதிது போட்டுவிடுங்கள்.

வாடிப்பட்டி வாசகி: அப்பாவின் ஜீப்பைத் தோட்டத்து வேலைக்கு நான்தான் ஓட்டுகிறேன். கியர்பாக்ஸ் இறங்கிவிட்டது. பிளேட் மட்டும் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். செட்டாகப் போட வேண்டும், ஃபிளைவீலையும் லேத்தில் கொடுக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இரண்டாமவர் சொல்வதே சரி. கிளட்ச் வேலையில் செலவின் பெரும்பகுதி இறக்கி ஏற்றும் உழைப்புக்குத்தான். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உருப்படிகளை எட்ட வேறு வழியே கிடையாது. அடுத்த மழைக்குள் ரிலீஸ் பேரிங் கத்தத் தொடங்கினால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். ஆகவே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே நிறுவனத்தின் செட்டாக வாங்குங்கள். கிராங்க்கின் நடுவில் உட்கார்ந்திருக்கும் பைலட் பேரிங்கையும், வண்டியைப் பொறுத்து அது வெண்கலப் புஷ்ஷாகவும் இருக்கலாம், தவறாமல் மாற்றுங்கள். மிகச் சிறிய, மலிவான உருப்படி இது. இது இறுகிவிட்டால் கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்தே சுற்றும். ரிவர்ஸ் போடும்போது பல் நறநறக்கும். கிராங்க்கின் பின் சீலையும் கியர்பாக்ஸின் முன் சீலையும் இப்போதே பாருங்கள். கசிவு சிறிதேனும் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

புது ரிலீஸ் பேரிங்கை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ அலசக் கூடாது. சுத்தம் செய்வதாக எண்ணிப் பலரும் செய்வது இது. கிரீஸ் உள்ளே அடைத்து மூடி வைத்த பேரிங் அது. அலசினால் கிரீஸ் கரைந்து, சில நாட்களிலேயே சத்தம் வரும். துணியால் துடைத்தால் போதும்.

ஃபிளைவீலை வெளிச்சத்தில் பாருங்கள். முகம் சீராக, சாம்பல் நிறத்தில் இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துப் பயன்படுத்தலாம். நீலம் பாய்ந்த திட்டுகளோ, விரல் நகம் தடுக்கும் கோடுகளோ இருந்தால் லேத்தில் முகம் சீவ வேண்டும். டி.வி.எஸ். நிறுவனம் 1911இல் தோன்றிய ஊர் மதுரை. பேருந்துகளை நம்பி இங்கே வளர்ந்த லேத் பட்டறைகளுக்கு இது பழகிய வேலைதான். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு படியாக உயர்ந்திருக்கும் ஃபிளைவீலில், முகத்தைச் சீவிய அதே அளவு படியையும் சீவ வேண்டும். இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் குறைந்து புதுக் கிளட்சும் வழுக்கும். இதைப் பட்டறைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். ஃபிளைவீலில் வெடிப்பு தெரிந்தால் சீவ வேண்டாம், மாற்றுங்கள். புது டீசல் வண்டிகள் சிலவற்றில் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃபிளைவீல் வருகிறது. அதை லேத்தில் ஏற்றக் கூடாது.

பொருத்தும்போது பிளேட்டின் பக்கம் மாறக் கூடாது. பெரும்பாலான பிளேட்டுகளில் ஸ்பிரிங்குகள் துருத்தி நிற்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்த்திருக்க வேண்டும். ஃபிளைவீல் பக்கம் எது என்று பிளேட்டிலேயே அச்சிட்டிருப்பதும் உண்டு. பிளேட்டை நடுவாக நிறுத்த, பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை. கிடைக்காவிட்டால் லேத்தில் மரத்தில் கடைந்து தரச் சொல்லுங்கள். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சில மரைகள் வீதம் முறைவைத்து இறுக்க வேண்டும். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸ் தடவும்போது தடவியது தெரியாத அளவே போதும். மிஞ்சியது சுழற்சியில் சிதறிப் பிளேட்டின் மேல்தான் விழும். பிளேட்டின் முகத்தை எண்ணெய்க் கையால் தொடாதீர்கள்.

அலங்காநல்லூர் வாசகர்: புதுக் கிளட்ச் போட்டு கியர்பாக்ஸை ஏற்றினோம். கடைசி அரை அங்குலம் உள்ளே போக மறுக்கிறது. போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாமா?

கூடவே கூடாது. இந்த வேலையில் ஆகும் பெருஞ்சேதங்களில் முக்கால்வாசி அந்த அரை அங்குலத்தில்தான் நடக்கிறது. போல்ட்டால் இழுத்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், அல்லது பெல் ஹவுசிங்கின் அலுமினியக் காது முறியும். இரண்டில் ஒன்று நிச்சயம். கியர்பாக்ஸை ஏதாவது ஒரு கியரில் போட்டு, பின்பக்க ஃபிளாஞ்சைக் கையால் மெல்லத் திருப்பிக்கொண்டே ஒருவர் தள்ளிப் பாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் தானாக உள்ளே போகும். அப்படியும் போகவில்லையென்றால், பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சுற்றிலும் அளந்து பாருங்கள். மேலே அதிகம், கீழே குறைவு என்றிருந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கோட்டில் இல்லை. எஞ்சினுக்குக் கொடுத்த ஜாக்கியைச் சிறிது ஏற்றி இறக்கிச் சரிசெய்யுங்கள். சுற்றிலும் ஒரே இடைவெளி இருந்தும் போகாவிட்டால், பிளேட் நடுவில் இல்லை, அல்லது பைலட் பேரிங்கின் அளவு மாறியிருக்கிறது. மீண்டும் பின்னால் இழுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அதற்குச் சலித்துக்கொள்ளாதீர்கள். சரியாக அமைந்த கியர்பாக்ஸ் கைவிசையிலேயே முகத்தோடு முகம் சேரும். போல்ட்டின் வேலை சேர்ந்ததைப் பிடித்து வைப்பது மட்டும்தான்.

ஏற்றி முடித்ததும், தரை மூடியைப் போடுவதற்கு முன் ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் வெளியிலிருந்து, ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் நகர்வதைப் பாருங்கள். ஃபோர்க் அதன் குமிழிலிருந்து நழுவியிருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

கள்ளிக்குடி வாசகர்: ஐப்பசி மழையில் நிறுத்திய ஜீப்பைத் தை மாதம்தான் எடுத்தோம். எஞ்சின் ஓடுகிறது, கிளட்சை மிதித்தால் எந்தக் கியரும் விழவில்லை. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

உடனே வேண்டாம். ஈரத்தில் நின்ற வண்டியில் பிளேட் துருவேறி ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வது சாதாரணம். கிளட்ச் கம்பியும் ஹைட்ராலிக் ஆயிலும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவை சரியென்றால், எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். பிறகு முன்னால் நீளமாக வெற்றிடம் உள்ள வயல்வெளியில், இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி குலுங்கி நகரும். கிளட்சை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு அழுத்தினால், அந்த இழுப்பில் பெரும்பாலும் பிளேட் விடுபட்டுவிடும். விடுபட்ட பிறகு கிளட்ச் வழுக்கினாலோ பிடிக்கும்போது அதிர்ந்தாலோ மேற்பூச்சு பெயர்ந்திருக்கிறது, அப்போது இறக்குங்கள். நெருக்கமான தெருவிலோ மதில் சுவருக்கு முன்னாலோ இதை ஒருபோதும் முயலாதீர்கள்.

திண்டுக்கல் வாசகர்: சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வரும் ஜீப்புக்குக் கிளட்ச் நிலைப்பதே இல்லை. நல்ல செட்தான் போடுகிறோம். ஓட்டுவதில் பிழையா?

பெரும்பாலும் ஓட்டும் முறையில்தான் காரணம் இருக்கும். சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் வண்டிக்காக ஏற்றத்தில் நிற்கும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் அரைக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துகிறார் ஓட்டுநர். அந்தச் சில விநாடிகளில் பிளேட்டில் உண்டாகும் சூடு, சமதரையில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் உண்டாகாது. நிற்பதற்குப் பிரேக், கிளம்புவதற்கு ஹேண்ட் பிரேக் என்று பழக்குங்கள். ஓடும்போது கிளட்ச் பெடலின் மேல் காலை வைத்திருக்கும் வழக்கத்தையும் விடச் சொல்லுங்கள்.

தார்ச்சாலை முடிந்து தோட்டத்து மண்பாதை தொடங்கியதும் லோ கியரைப் பயன்படுத்துங்கள். வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ விகிதம் 2.46க்கு 1. அதாவது, அதே எஞ்சின் சக்கரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு இழுவிசை தரும். கிளட்சை நழுவவிட்டுக் கிளம்ப வேண்டிய தேவையே இருக்காது. பலர் இந்த லீவரைச் சேற்றில் மாட்டும் நாளுக்கென்று தொடாமலே வைத்திருக்கிறார்கள். பாரத்தோடு மண்ணில் ஏறும் ஒவ்வொரு நாளும் அது பயன்பட வேண்டியது. காய்ந்த தார்ச்சாலையின் கூர்மையான வளைவுகளில் மட்டும் அதைப் போடாதீர்கள். லோவோடு முன்சக்கர இழுவையும் சேர்ந்தே இயங்கும் வண்டிகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று கியர்களும் ஷாஃப்ட்டுகளும் முறுக்கிக்கொள்ளும்.

அடுத்த முறை புதுச் செட் போட்ட பிறகு, முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்குப் பாரத்தைக் குறைத்து ஓட்டுங்கள். பிளேட்டின் முகம் ஃபிளைவீலோடு சீராக ஒத்துப்போன பிறகு, பெடலின் தளர்வை மறுபடி அளந்து சரிசெய்து, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் ஆயில் மட்டத்தையும் பார்த்துவிட்டு முழுப் பாரத்தை ஏற்றுங்கள்.